முதலில் வந்தவன் வீராசாமி

வீராசாமி செத்துப் போனான். நேற்று விடியற்காலை... டைஃபாய்டு. காலேஜில் நூறு கெஜம் ஓடிய நம் வீராசாமிதான்.

இதை எழுதி வாசகசாலை போர்டில் குத்தியிருப்பது நான், கனி. மொகல் தெரு ஜவுளிக்கடை வீட்டுப் பையன், அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். செக்ரட்டரி ஐயா கிழித்துப் போட்டால் மறுபடி எழுதிக் குத்துவேன். கீழே இடம் விட்டிருக்கிறேன், அவனைத் தெரிந்தவர்கள் ஆளுக்கு ஒரு வரி எழுதுங்கள்.

இன்றைக்கு இங்கிலீஷ் பேப்பரில் ஒரு துண்டுச் செய்தி. காலேஜ் ஸ்போர்ட்ஸில் நூறு கெஜத்தில் இரண்டாவதாக வந்தவர் காலமானாராம். இரண்டாவதாம்!

அன்றைக்கு மைதானத்தில் இருந்தவர்கள் சொல்லட்டும். வீராவும் கோ தான் மாங் என்கிற பர்மாக்காரப் பையனும் கடைசி வரை தோளுக்குத் தோள் வந்தார்கள். தான் மாங்கும் எங்கள் வகுப்புதான், பெரிய உத்தியோகஸ்தர் மகன். எல்லைக் கோட்டில் குறுக்கே கட்டியிருந்த கம்பளி நூல் யார் மாரில் அறுந்து தொங்கியது? வீராவின் மாரில்.

ஜட்ஜாக நின்ற எங்கள் காலேஜ் துரை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ரொம்ப நெருக்கம், தான் மாங்தான் ஃபர்ஸ்ட் என்றார். அப்படியென்றால் நூல்? காற்றில் வந்து ஒட்டிக்கொண்டதாம். ஒரு இலை அசையவில்லை ஐயா அன்றைக்கு!

மறுநாளே வீரா சொன்னான், "இனிமே அரை மைல்தான் ஓடப்போறேன்."

"உனக்கென்ன கிறுக்கா? நூறு கெஜக்காரனுக்கு அரை மைல் எதுக்குடா?"

"ஒரு சாண் முன்னாடி வந்தா கண்ணு தெரியலங்கிறான் கனி. எல்லாரையும் தூரமா விட்டுட்டு வந்தா என்ன சொல்லுவான்? அதையும் பாத்துடுவோம்."

இதுதான் காரணம். காலில் அடி, வேகம் குறைந்துவிட்டது என்று பின்னால் சிலர் கதை கட்டினார்கள்... சுத்தப் பொய்.

அவனுடைய முதல் அரை மைலை நினைத்தால் இந்த நேரத்திலும் சிரிப்பு வருகிறது. நூறு கெஜக்காரர்கள் கரண்டியால் தரையில் இரண்டு சின்னக் குழி பறித்து, அதில் காலை ஊன்றிக் குனிந்து கிளம்புவார்கள். அரை மைல்காரர்கள் சும்மா நின்ற வாக்கிலேயே கிளம்பிவிடுவார்கள். இவன் பழக்க தோஷத்தில் கரண்டியோடு போய்க் குழி பறிக்கிறான்!

மைதானமே சிரித்தது. "டேய், கிணறா வெட்டுற?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

அவன் மூடவில்லை. அந்தக் குழியிலேயே காலை வைத்து, வெடிச்சத்தம் கேட்டதும் பாய்ந்தான். முதல் சுற்றில் அவனைப் பிடிக்க ஆளில்லை. இரண்டாவது சுற்றில் கால் கெஞ்சியது, ஒவ்வொருத்தராகத் தாண்டிப் போனார்கள். கடைசி ஆளாக வந்து புல்லில் விழுந்து வாந்தி எடுத்தான்.

"போதும்டா, மானம் போகுது" என்றேன்.

"மானம் நூறு கெஜத்துலயே போச்சு. இப்பப் போறது மூச்சுதான், அது திரும்பி வரும்" என்றான்.

அதற்கப்புறம் தினமும் காலையில் ராயல் லேக்கைச் சுற்றி ஓட்டம். நான் பக்கத்தில் சைக்கிளில் போய் "மெதுவா... மெதுவா..." என்று கத்த வேண்டும். "வேகமா ஓடச் சொல்லு, ஓடுறேன். இந்த மெதுவுதான்டா உசுர வாங்குது!" என்று என்னைத் திட்டிக்கொண்டே ஓடுவான். எப்படியோ கற்றுக்கொண்டான்.

அடுத்த வருஷ ஸ்போர்ட்ஸ். நின்ற வாக்கில் கிளம்பி, முதல் சுற்று முழுக்கக் கூட்டத்துக்கு நடுவிலேயே பதுங்கி வந்தான். கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தது. அந்த நூறு கெஜக் கால் அப்போதுதான் வெளியே வந்தது... அடேயப்பா! அவன் கோட்டைத் தாண்டும்போது அடுத்த ஆள் இன்னும் வளைவில் இருந்தான்.

தாண்டியவன் நேரே ஜட்ஜ் துரையின் மேஜைக்குப் போனான். மூச்சு வாங்க நின்று இங்கிலீஷில் கேட்டான்: "இப்போது நன்றாகத் தெரிந்ததா, சார்?"

மன்னிப்புக் கேட்டால்தான் கப் என்றார்கள். "அந்தக் கப்புல அவங்களே டீ ஊத்திக் குடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு என் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தான். கேட்கவே இல்லை. கப் இன்னும் காலேஜ் அலமாரியில்தான் இருக்கிறது.

நேற்று சாயந்திரம் சுடுகாட்டுக்குத் துரையும் வந்தார். காலேஜ் சார்பில் மாலை போட்டுவிட்டு ஒரு மரத்தடியில் ஒதுங்கி நின்றார். தான் மாங்கும் வந்திருந்தான்.

வீராவின் அப்பா துறைமுகத்தில் கப்பல் சரக்கைத் தூக்கும் விஞ்ச் ஓட்டுகிறவர். தான் மாங் அவர் முன்னால் போய்க் குனிந்து, பர்மியத்தில் மாமா என்பதுபோல் "ஊலே" என்று கூப்பிட்டுச் சொன்னான், "அன்னைக்கு நூறு கெஜத்துல உங்க மகன்தான் முன்னால போனாரு. எனக்கு அப்பவே தெரியும்."

இத்தனை நாள் வாயில் என்ன கொழுக்கட்டையா? சட்டையைப் பிடித்திருப்பேன், பெரியவர் கையைக் காட்டித் தடுத்தார்.

அவரும் பர்மியத்திலேயே பேசினார். "கயித்துக்கு வெளிய நின்னு நான் என் கண்ணால பாத்தேன் தம்பி. எங்கிட்ட எதுக்குச் சொல்ற? அந்தா நிக்கிறாரு பாரு, அவருகிட்டப் போய்ச் சொல்லு."

தான் மாங் மரத்தடியைப் பார்த்து நடந்தான். பாதியில் திரும்பிவிடப் போகிறானே என்று நானும் பின்னாலேயே போனேன்.

சொன்னான். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "சார், அந்த நூறு கெஜத்தில் முதலில் வந்தது வீராசாமி" என்றான்.

துரை தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார், தன் வண்டி நின்ற பக்கம் பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் வழியை விடவில்லை.

நீ போய் வாடா வீரா. அவரு இன்னும் பதில் சொல்லல, சொல்ற வரைக்கும் நாங்க நிக்கிறோம்.