செல்வியின் கழுத்திலிருந்து என் கையை எடுத்தவர்

செவ்வாய்க்கிழமை காலை, எங்களிடம் தலைவலி வைத்தியத்துக்கு வரும் செல்வி போன் செய்தார். "நசீமா மேடம் போய்ட்டாங்க சார். விடிகால நெஞ்சு வலின்னாங்களாம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..." என்று அழுதார். எனக்கு முதலில் வந்தது துக்கமில்லை, பயம். செல்வியிடம் சொல்ல வேண்டிய ஒன்றை இரண்டு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தேன். அது தெரிந்த ஒரே ஆள் நசீமாதான். இனி அதைச் சொல்ல என்னைத் தவிர யாருமில்லை.

நசீமாவும் நானும் காஞ்சிபுரத்தில் ஒரே கிளினிக்கில் ஒன்பது வருடம் பிசியோதெரபிஸ்டுகளாக இருந்தோம். தலைவலி என்று வருகிறவர்களில் பலர் பட்டுப்புடவை முந்தானைக்குக் குஞ்சம் கட்டும் பெண்கள். நாள் முழுக்கக் குனிந்தே இருந்து பின்கழுத்து இறுகி, வலி நெற்றிவரை ஏறிவிடும். நான் அழுத்திவிட்டு அனுப்பிவிடுவேன். நசீமா புடவையோடு வரச் சொல்வார். எதிரே உட்கார வைத்துக் குஞ்சம் கட்டச் சொல்லிப் பார்ப்பார். மடியில் தலையணை வைத்து வேலையை உயர்த்திக் கொடுப்பார். தாடையைப் பின்னுக்கு இழுத்துப் பத்து எண்ணப் பழக்குவார். "கழுத்து இன்னா பண்ணும்மா? புடவ எங்க இருக்குதோ அங்கதான் அது போவும்" என்பார். அந்த நிதானம் எனக்கு எரிச்சல். ஆமை வேகம் என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன், ஒரு முகூர்த்த மாதம். வரிசை வாசல்வரை நின்றது. செல்வி, "எப்பவும் வர்ற வலிதான் சார். சட்டுனு அமுக்கி வுடுங்க, ரெண்டு புடவ நிக்கிது" என்று கண்ணை மூடிப் படுத்தார். நானும் ஒன்றும் கேட்காமல், திருப்பிச் சொடுக்கெடுக்கக் கழுத்தில் கை வைத்துவிட்டேன். நசீமா பின்னால் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். என் கைகளை விலக்கினார். காத்திருந்தபோது செல்வி குஞ்சம் கட்டிக்கொண்டிருந்த புடவையை விரித்துக் காட்டினார். முடிச்சுகளெல்லாம் தொளதொளவென்று கிடந்தன. பதினைந்து வருடமாகக் கட்டுகிற கை, அன்று பிடி தளர்ந்திருந்தது. "இது எப்பவும் வர்ற வலி இல்ல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போங்க" என்று என் காதோரம் சொன்னார்.

ஆட்டோவில் நான்தான் கூடப் போனேன். கழுத்து வழியாக மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் கிழிசல் என்றார்கள். "நல்லவேளை, யாரும் கழுத்தைத் திருப்பல" என்றார் டாக்டர். செல்வி பிழைத்தார். கூடப் போனவன் நான் என்பதால் காப்பாற்றியவனும் நான் என்றாகிவிட்டது. தீபாவளிக்கு அவர் வீட்டிலிருந்து பலகாரம் வந்தது. வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன். "சொல்லிட்டீங்களா?" என்று நசீமா ஒருமுறை கேட்டார். "சொல்றேன் மேடம்" என்றேன். அவர் மறுபடி கேட்கவே இல்லை. எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்கக் கூசியது.

செவ்வாய்க்கிழமை நசீமாவின் வீட்டு வாசலில் ஆண்களோடு நின்றேன். உள்ளே முகம் பார்த்துவிட்டு வந்த செல்வி, நசீமாவின் தம்பியிடம் என்னைக் காட்டி, "இந்த சார் இல்லன்னா நா அன்னிக்கே போயிருப்பேன்பா" என்றார். தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டார். இதற்கு மேல் தாங்காது என்றிருந்தது. "நான் இல்லம்மா. நான் உங்க கழுத்தத் திருப்ப இருந்தேன். மேடம்தான் என் கைய எடுத்தாங்க" என்றேன்.

செல்வி திட்டவில்லை. "அவங்க உசுரோட இருக்கசொல்லவே சொல்லியிருந்தா கும்பிட்டு இருப்பேனே சார்" என்றார். செருப்பை மறுபடி கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனார்.

நசீமாவை அறிந்தவர்களே, இனி யாரும் அந்தக் கதையை என் பெயரில் சொல்ல வேண்டாம். எனக்கென்று நான் வைத்துக்கொள்வது மணிக்கட்டில் அவர் பிடித்த அந்தப் பிடியை மட்டும்தான். ஒவ்வொரு கழுத்துக்கு முன்னாலும் அது என்னை நிறுத்துகிறது. நிறுத்தட்டும்.