கோடு இறங்கத் தொடங்கிய மாதம்

சந்தையில் மீன் வாங்கினால் செவுளைத் திறந்து பார்ப்பேன். பார்த்த பிறகும் நம்பமாட்டேன். "சாமியே நேர்ல வந்தாலும் நீ ஐசி கேப்பலா" என்பார் என் கணவர். அடையாள அட்டையைக் கேட்டால்தான் என்ன? எத்தனை பேர் சாமி வேஷம் போடுகிறார்கள்.

இந்தக் குணத்துக்கு ஏற்ற வேலைதான் எனக்கு வாய்த்தது. ஜெராய் மலை உச்சிக்கருகே ஒரு சின்னக் கட்டடம். அதன் கூரையில் நிற்கும் குழாய் இரவும் பகலும் காற்றை இழுக்கும். கீழே உள்ள கருவி அந்தக் காற்றில் எவ்வளவு தூசு, எவ்வளவு புகை என்று அளக்கும். பல வருட அளவுகளை வரிசையாக வைத்து, மலைக்காற்று கெடுகிறதா தேறுகிறதா என்று சொல்வது என் பொறுப்பு.

தேறுகிறது என்றது கிராஃப். இரண்டு வருடங்களாகத் தூசுக் கோடு மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அலோர் ஸ்டார் தலைமை அலுவலகத்தில் ஒரே சந்தோஷம். அறிக்கையைச் சீக்கிரம் முடிக்கச் சொன்னார்கள். அதில் என் பெயர்தான் இருக்கும். பொய் என்று பின்னால் தெரிந்தால் நான் எழுதும் எந்த எண்ணையும் யாரும் மதிக்கமாட்டார்கள், அதுவரை பட்ட பாடெல்லாம் வீண்.

எனக்கு அந்த நல்ல செய்தி பிடிக்கவில்லை. திகாம் பத்துவில் என் வீட்டுப் பக்கம் புதிய வீடுகளுக்காக மண்ணை வெட்டிக்கொண்டிருந்தார்கள். காலையில் காயப்போட்ட வெள்ளைச் சட்டை மாலையில் செம்மண் நிறமாக இருந்தது. கீழே இப்படி, மேலே தூசு குறைகிறதாம். அதிலும் புகை குறையவில்லை, தூசு மட்டும் குறைகிறது. யார் காதில் பூச்சுற்றுகிறார்கள்?

என் சந்தேகம், நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர்மேல் விழுந்தது; அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். செமிலிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர், என்னைவிட இருபது வயது மூத்தவர். வாரம் ஒருமுறை தூசு படியும் வடிதாளை மாற்றுவதும் குழாயைத் துடைப்பதும் அவர் வேலை. முன்பெல்லாம் நானும் கூரையில் ஏறிப் பார்ப்பேன். இப்போது ஏணிப் பக்கம் போனாலே ஓடி வந்துவிடுவார். "வழுக்கும் தங்கச்சி, நான் பாத்துக்கறேன்." மடியில் கனமில்லாதவருக்கு எதற்கு இந்தப் பதற்றம்? மலைக்கே போகாமல் குரூண் டீக்கடையில் உட்கார்ந்தபடி கையெழுத்துப் போடுகிறாரோ என்று நினைத்தேன்.

ஒரு திங்கட்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் காடியை ஓட்டிக்கொண்டு மலைமேல் போனேன். அவர் இருந்தார். வடிதாளை இடுக்கியால் பிடித்து, மூச்சுக்காற்றுகூடப் படாமல் மாற்றிக்கொண்டிருந்தார். என்னைவிடச் சுத்தமாகச் செய்தார். அது என் சந்தேகத்தை இன்னும் கூட்டியது. அவர் கை கழுவப் போன நேரம் பார்த்து ஏணியில் ஏறினேன்.

குழாயின் மூடியைக் கழற்றினால், உள்ளே வாயைப் பாதிக்குமேல் அடைத்துக்கொண்டு ஒரு மண்கூடு. ஒன்றின்மேல் ஒன்றாகப் பல அடுக்கு. புகை நழுவிப் போய்விடும்; தூசு அந்த மண்ணில் மோதி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். கோடு இறங்காமல் என்ன செய்யும்?

"அண்ணே! என்ன இது?"

அவர் ஏணிக்கடியில் வந்து நின்றார். "குளவிக் கூடு."

"அது எனக்கும் தெரியுதுலா. ஏன் எடுக்கல?"

"குளவி கூடு கட்டினா புள்ள பொறக்கும்பாங்க. கலைக்க மனசு வரல."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "உங்களுக்குத்தான் மூணு பேரப்புள்ளைங்க இருக்கே. இன்னும் யாருக்கு?"

அவர் ஏணி ஆடாமல் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"முந்தி அஞ்சு மாசம் நீங்க ஏணியே ஏறல. அப்புறம் காய்ச்சல்னு லீவு போட்டீங்க. திரும்பி வந்த மொத நாளே ஏறப் போனீங்க. ரெண்டு பொண்ணு பெத்தவன், எனக்குத் தெரியாதா? அந்த வாரந்தான் குளவி மண்ணு கொண்டாந்துச்சு. உங்களுக்காக வந்ததுன்னு விட்டுட்டேன்."

காய்ச்சல் என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். சுங்கைப்பட்டாணி ஆஸ்பத்திரியில் அந்தப் பிள்ளையை இழந்தது என் கணவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும் என்று நம்பியிருந்தேன். ஏணியில் நின்றபடியே அழுதேன். இந்த மனிதரையா சந்தேகப்பட்டேன் என்று வெட்கமாக இருந்தது.

பிறகு ஸ்க்ரூ டிரைவர் கேட்டேன். எடுத்துக் கொடுத்துவிட்டு அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். சுரண்டி எடுத்தேன். கூட்டின் ஒவ்வொரு அறையிலும் ஒரு துளை இருந்தது. குஞ்சுகள் எப்போதோ வெளியேறியிருந்தன.

உள்ளே வந்து கிராஃபைத் திறந்தேன். கோடு எந்த மாதம் இறங்கத் தொடங்குகிறது என்று அப்போதுதான் முதல்முறையாகப் பெயர் சொல்லிப் படித்தேன்: நான் ஆஸ்பத்திரியிலிருந்து வேலைக்குத் திரும்பிய அதே மாதம். அத்தனை நாளும் அந்தக் கோட்டை முறைத்துப் பார்த்தவள், எல்லோரையும் சந்தேகப்பட்டவள், அது என்ன மாதம் என்று மட்டும் பார்க்காமலே இருந்திருக்கிறேன்.

அந்த மாதத்திலிருந்து வந்த தூசு அளவுகள் எல்லாம் செல்லாது, குழாயைச் சோதிக்காதது என் கவனக்குறைவு என்று எழுதி அனுப்பினேன். அண்ணனைப் பற்றி எதுவும் எழுதவில்லை. அலோர் ஸ்டாரிலிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது: கூடு அந்த மாதம்தான் கட்டப்பட்டது என்பதற்கு என்ன ஆதாரம்?

நியாயமான கேள்வி. நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். அந்த மாதத் தேதி போட்ட ஆஸ்பத்திரிச் சீட்டு என் அலமாரியில், புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. "எனக்கு உறுதியாகத் தெரியும்" என்று மட்டும் பதில் எழுதினேன்.