பத்திரத்தில் இல்லாத வேப்பமரம்

உலகத்தைக் காப்பாற்றுவதற்காக ஒரு வேப்பமரத்தை வெட்டக் கிளம்பிய முட்டாளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? இந்தப் பத்தியின் தலைமாட்டில் ஒரு போட்டோ சிரிக்கிறதே... அவன்தான்.

பதறிப்போய் ஆசிரியருக்கு மெயில் அனுப்ப உட்காரும் வாசகர்களே, கொஞ்சம் பொறுங்கள். மரம் இன்னும் நிற்கிறது. ஆனால் அது நிற்பதில் என் பங்கு துளியும் இல்லை.

எல்லாம் டிவியில் ஆரம்பித்தது. வனச் சட்டத்தில் திருத்தம், நாடாளுமன்றத்தில் விவாதம். சாதாரணமாக அந்தச் சேனலை ரிமோட் கை தவறி விழுந்தால்தான் பார்ப்பேன். அன்று விழுந்தது. பேட்டரி கழன்று உருண்டு சோபாவுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. குனிய முதுகு சம்மதிக்கவில்லை. இப்படித்தான் நான் ஜனநாயகத்தில் பங்கேற்றேன்.

சபையில் உறுப்பினர்களைவிட நாற்காலிகள் அதிகமாகக் கலந்துகொண்டன. பொருள் என்னவோ பெரிய பொருள்தான். காடு என்றால் என்ன?

ஆளும் தரப்பு சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவு: அரசாங்க ரெக்கார்டில் காடு என்று எழுதியிருந்தால் காடு. எழுதவில்லையா? அங்கே புலியே குடும்பத்தோடு படுத்திருந்தாலும் இந்தச் சட்டத்துக்கு அது காடில்லை. எதிர்த்தரப்பு எழுந்தது. உலக மாநாடுகளுக்குப் போய், மரம் வளர்ப்போம், பூமியின் சூட்டைக் குறைப்போம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தோமே, அது என்ன ஆவது? அதற்கும் பதில் தயாராக இருந்தது. ஓரிடத்தில் வெட்டினால் இன்னோரிடத்தில் நட்டுவிடுவோம்!

எனக்கு ரத்தம் கொதித்தது. "காட்டை நட முடியுமாய்யா? அது என்ன கத்திரிக்காய்ச் செடியா?" என்று டிவியைப் பார்த்துக் கத்தினேன்.

அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "எதுக்கு இந்தக் கத்துக் கத்துறீக? அவுகளுக்குக் கேக்காது. எதுத்த வீட்டுக்குத்தான் கேக்கும்."

குரல் வாக்கெடுப்பு நடந்தது. 'ஆம்' என்ற சத்தம் பெரிதாகக் கேட்டது. மசோதா நிறைவேறியது. நான் காபி டம்ளரை டொக்கென்று வைத்து என் கண்டனத்தைப் பதிவுசெய்தேன்.

இது வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு நாடாளுமன்றம் கூடியது.

எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். சொந்தக்காரர் என்று ஒருவர் கிடையாது, பங்காளிகள்தான். எங்கள் காரைக்குடி வீட்டுக்கு மூன்று பங்கு. பெரியப்பா மகன் சிங்கப்பூரில், சித்தப்பா மகன் டெக்ஸாஸில், நான் வீட்டில். அவர்கள் உலகத்தைப் பார்க்கப் போனார்கள். நான் ஒட்டடை பார்க்கத் தங்கினேன். பொதுவீட்டில் ஒரு ஆணி அடிப்பதென்றாலும் மூன்று பங்கும் ஒப்ப வேண்டும். ஐக்கிய நாடுகள் சபையே எங்களைப் பார்த்துத்தான் வீட்டோ போடக் கற்றுக்கொண்டதோ என்று எனக்கு வெகுநாள் சந்தேகம்.

அன்றைய பொருள் – சோலார் பேனல். நாடு கையெழுத்துப் போட்டுவிட்டது, நம்மால் ஆனதைச் செய்ய வேண்டாமா? அளவெடுக்க வந்த சோலார்காரர் மொட்டைமாடியைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பின்பக்கம் வேப்பமர நெழல் விழுகுது சார். முன்பக்கம் போட்டுக்கங்க. வெயிலுக்குப் பஞ்சமே இல்ல."

முன்பக்கமா? முகப்புக்கு மேலேயா? வெளிநாட்டுக்காரர்கள் தெருவில் நின்று அண்ணாந்து அண்ணாந்து போட்டோ எடுக்கிற முகப்பாயிற்றே! அந்தப் போட்டோக்களில் சில சமயம் நானும் ஒரு ஓரமாக விழுவதுண்டு. விடுவேனா? (இப்போது பேனல் அங்கேதான் இருக்கிறது. எந்த வெள்ளைக்காரரும் மனமுடைந்து ஊர் திரும்பியதாகத் தகவல் இல்லை.)

ஆக, மரம் போக வேண்டும். வீடியோ காலில் மசோதாவைத் தாக்கல் செய்தேன்.

"மரம் யாரு பங்குலடா வருது?" என்றார் சிங்கப்பூர் அண்ணன். "பாகப் பத்திரத்தப் பாரு."

எடுத்துப் பார்த்தேன். எங்கள் பெரியவர்கள் எழுதிய பத்திரம் லேசுப்பட்டதல்ல. பர்மாத் தேக்குத் தூண்கள், கதவுகள், ஊஞ்சல் சங்கிலி, ஆட்டுக்கல், ஒரு குத்துவிளக்கு – 'மூக்கு உடைந்தது' என்ற குறிப்போடு – எல்லாம் இருக்கின்றன. பின்கட்டை ஒட்டி, இரண்டு ஆள் கட்டிப் பிடிக்கிற அளவுக்கு நிற்கும் வேப்பமரம் மட்டும் இல்லை.

"பத்திரத்துல மரம் இல்லண்ணே."

"இல்லேல்ல? அப்ப மரமே இல்லடா. இல்லாத மரத்த வெட்ட எதுக்குச் சம்மதம்? வெட்டு."

என்ன ஒரு சட்ட ஞானம்! நான் கைதட்டினேன். ஆமாம் வாசகர்களே, கைதட்டினேன். வியாழக்கிழமை இதே வாதத்துக்கு ரத்தம் கொதித்த அதே ஆள்தான். ரத்தத்துக்கு வாரத்தில் ஒருநாள் கொதித்தால் போதும்போல.

அப்போது நான் எதில் சாய்ந்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பர்மாத் தேக்குத் தூணில். அடுத்த நாட்டுக் காட்டை வெட்டிக் கப்பலேற்றி, வரிசையாக நட்டு, வார்னிஷ் அடித்து வைத்திருக்கிறோம். காட்டை நட முடியுமா என்று டிவியிடம் கேட்டேனே... எங்கள் வீட்டில் நட்டிருக்கிறார்கள்.

டெக்ஸாஸ் தம்பி மட்டும் லேசில் விடவில்லை. அவன் இயற்கை ஆர்வலன். மூன்று கார் வைத்திருக்கிறான், மூன்றிலும் 'பூமியைக் காப்போம்' ஸ்டிக்கர்.

"அண்ணே, ஒரு மரம் வெட்டுனா பத்து மரம் நடணும்ணே. நட்டதுக்கு போட்டோ குரூப்ல போடணும். அப்பத்தான் நான் ஓகே சொல்லுவேன்."

"எங்குட்டு நட?"

"ஆத்தங்குடில நம்ம எடம் சும்மாத்தானே கெடக்கு?"

உடன்படிக்கை முடிந்தது. "யாருக்கும் ஆட்சேபணை இருக்கா?" என்று அண்ணன் கேட்டபோது தம்பியின் வாய் வேகமாக அசைந்தது. சத்தம் வரவில்லை, மியூட்டில் இருந்தான். சம்மதம் என்று பதிவுசெய்துகொண்டோம்.

பின்னாலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "மரத்தடில செல்வி வண்டி போட்டுருக்காளே... அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா?"

"செல்வி பங்காளி இல்லையே" என்றேன். மசோதா நிறைவேறியது.

செல்வி யார்? பின்தெருவில், எங்கள் மதிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கிளைகளுக்குக் கீழே, பன்னிரண்டு வருஷமாக அயர்ன் வண்டி போட்டிருப்பவர். சிரட்டைக் கரி போடுகிற பழைய இரும்புப் பெட்டி. கையில் நெருப்பு, தலைக்கு மேலே காரைக்குடி வெயில். இரண்டுக்கும் நடுவில் சமாதானம் பேசிக்கொண்டிருப்பது எங்கள் பத்திரத்தில் இல்லாத அந்த மரம்தான்.

அடுத்த நாள் பத்து வேப்பங்கன்றுகளோடு, அரைமணி பஸ் தூரத்தில் இருக்கும் ஆத்தங்குடிக்குப் போனேன். அங்கே தரை எப்படி என்றால், கடப்பாரைதான் வளைகிறது. ஒரு குழி தோண்டி ஒரு கன்றை வைத்ததும் முதுகு வேலைநிறுத்தம் அறிவித்தது. மிச்சம் ஒன்பது? நாமென்ன உடன்படிக்கையை மீறுகிற ஆளா? அந்த ஒரு கன்றையே சுற்றிச் சுற்றி வந்து பத்துப் போட்டோ எடுத்தேன். நின்று ஒன்று, உட்கார்ந்து ஒன்று, படுத்து ஒன்று. ஒன்றில் நானும் வானத்தைப் பார்த்தபடி இருக்கிறேன். குரூப்பில் போட்டேன். சிங்கப்பூரிலிருந்து கட்டைவிரல் வந்தது. டெக்ஸாஸிலிருந்து பச்சை இதயமே வந்துவிட்டது.

உலக ஒப்பந்தங்கள் எப்படி நிறைவேறுகின்றன என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. கையெழுத்துப் போடுகிறவர் ஒரு ஊரில். கன்று ஒரு ஊரில். வெயில் மட்டும் செல்வி தலையில்.

ஆனால் அப்போது நான் அப்படியெல்லாம் நினைக்கவில்லை. இது இப்போது பத்திக்காக நினைப்பது. அப்போது என் கவலையெல்லாம் ஒரு வெள்ளைச் சட்டையைப் பற்றியது. புதன்கிழமை சாயந்திரம் ஒரு கல்லூரியில் எனக்குப் பேச்சு. தலைப்பு, சிரிக்காதீர்கள், 'காடும் நாமும்'. சட்டை அன்று காலையிலேயே செல்வியிடம் போயிருந்தது. மரம் வெட்ட ஆள் மறுநாள் வருவதாக ஏற்பாடு. மத்தியானம் போனேன். சட்டையை வாங்கினாற்போலவும் ஆச்சு, தகவல் சொன்னாற்போலவும் ஆச்சு.

"செல்வி, நாளைக்கு வண்டியக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கம்மா. மரம் வெட்ட ஆள் வருது."

என் சட்டைக் காலரில் ஓடிக்கொண்டிருந்த பெட்டி நின்றது. "எந்த மரம்யா?"

மேலே கை காட்டினேன். அவர் மேலே பார்க்கவில்லை. தெருவைப் பார்த்தார். அந்தக் கோடி வரைக்கும் மதில், மதில், மதில். நடுவில் வெயில்.

"எங்குட்டுய்யா தள்ளிப் போட? இந்தத் தெருவுல வேற நெழலே இல்லையே. அடுத்த தெருவுல வேற ஆளு போட்டுருக்காக, விட மாட்டாக. வெயில்ல நின்னு இந்தப் பொட்டியத் தூக்குனா மத்தியானத்துக்குள்ள சுருண்டு விழுந்துருவேன்யா. வேற தொழிலும் எனக்குத் தெரியாது."

இங்கே ஒரு மனுஷன் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான். நான் பத்தி எழுதுகிறவன். விளக்கம் கொடுக்க ஆரம்பித்தேன்.

"உலகமே சூடாகிக்கிட்டு இருக்கும்மா."

"இங்கிட்டும் சூடாத்தேன்யா இருக்கு."

"அதுக்குத்தான் சோலார். நம்ம நாடு வெளிநாட்டுல போயி கையெழுத்துப் போட்டுருக்கு. புகையக் கொறைக்கணும்னு."

செல்வி தன் பெட்டியிலிருந்து எழும்பிய நூலளவு புகையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "எம் பொட்டிப் புகையவா சொல்றீக?"

"சேச்சே! ஒன்ன யாரு சொன்னா? சும்மா ஒண்ணும் வெட்டலம்மா. பதிலுக்குப் பத்து மரம் நட்டாச்சு. இந்தா பாரு" என்று போனை நீட்டினேன். ஆதாரம் இருக்கிறதே, என்ன பயம்?

முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். சிங்கப்பூர் பார்த்த போட்டோ. டெக்ஸாஸ் இதயம் கொடுத்த போட்டோ. பத்தாவதுக்குப் போய்விட்டு மறுபடி முதலாவதுக்கு வந்தார்.

"பத்துலயும் ஒரே கல்லு கெடக்கேய்யா?"

"அது... அந்தப் பக்கம் கல்லு ஜாஸ்தி."

"இது எங்கனய்யா இருக்கு?"

"ஆத்தங்குடில."

செல்வி போனைத் திருப்பிக் கொடுத்தார். தண்ணீர் தெளித்தார். கையை மடித்து, முதுகை மடித்து, பட்டன் மேலே வரும்படி என் சட்டையை அழகாக மடித்தார். மடித்து, என் கையில் கொடுக்காமல், வண்டிக்கு அடியில் இருந்த மூட்டைக்குள் வைத்து முடிச்சுப் போட்டார்.

"செல்வி... சட்டையக் குடும்மா. அஞ்சு மணிக்கு மீட்டிங்கு."

"ஆத்தங்குடில வந்து வாங்கிக்கிருங்கய்யா."