மேசையிலிருந்து என்னை இறக்கிய ஆண்டவர்

என் பெயர் பத்திரிகையில் வந்த நாளோடு என் நிம்மதி போய்விட்டது, சபையாரே. அப்போது எனக்குப் பதினைந்து வயது. சர்க்கஸில் சக்கர ஜோடு மாட்டிக்கொண்டு, ஆள் உயர வட்ட மேசைமேல் சுழன்று ஆடுவது என் வேலை. அந்த ஆட்டம் எனக்கு உயிர். அதை மறைக்க மாட்டேன்.

பத்திரிகைக்காரர் என்னை "ஆகாய ராணி" என்று எழுதினார். நோட்டீஸ்கள் வாலாஜாபேட்டை வரை பறந்தன. ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலம் தொடங்கிய வாரம், ஆகாய ராணி கண்ணைக் கட்டிக்கொண்டு ஆடப்போகிறாள் என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டார்கள். நான் அதை ஒருமுறைகூடப் பழகியதில்லை. மானேஜரிடம் அழுதேன்.

"பேப்பர்ல வந்துடுச்சும்மா. இனிமே இன்னா பண்றது?" என்றார்.

கண்ணைக் கட்டினார்கள். மேசை விளிம்பு எங்கே என்று தெரியவில்லை. விழுந்தேன். இடுப்பெலும்பு முறிந்தது.

வேலூர் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தேன். பத்திரிகையோ விடவில்லை. கிறிஸ்துமஸுக்கு ராணி மறுபடி கண்ணைக் கட்டிக்கொண்டு மேசை ஏறுவாள் என்று எழுதியது. ஆம்பூரில் நம் சபையாராகிய நீங்கள் அதை வாசித்துவிட்டு, அப்படியே நடக்க உபவாசமிருந்து ஜெபித்தீர்கள். அன்புதான், குறை சொல்லவில்லை. ஆனால் நான் போர்வைக்குள் எதிராக ஜெபித்தேன். "ஆண்டவரே, அவர்கள் கேட்பதைக் கொடாதேயும். என்னைக் கேளும்." இப்படி ஜெபிக்கலாமா என்று நடுங்கினேன். என்னைப் பெற்ற நைனாவிடம் சொல்லவும் வாய் வரவில்லை. தான் வேலை பார்த்த தோல் ஷாப்பில் எல்லாரிடமும் என் படத்தைக் காட்டிப் பூரித்த மனிதர் அவர்.

டிசம்பர் பிறந்ததும் மானேஜர் புது நோட்டீஸோடு வந்தார். "எப்பம்மா ஏறப்போற?"

நான் பதில் சொல்லுமுன் நைனா எழுந்தார். "அவ ஏற மாட்டா சார். கண்ணைக் கட்டாதீங்கன்னு புள்ள தூக்கத்துல கத்துது. தெனம் கேட்டுனு கிறேன். நீங்க போய்ட்டு வாங்க."

பிறகு என் கால்மாட்டில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். நான் சொல்லத் துணியாததை, தூக்கத்தில் என் வாயாலேயே சொல்லவைத்தவர் கர்த்தர்.

இன்று கோல் ஊன்றி நடக்கிறேன். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆட்டம் போனதே என்று இன்னும் அழுகிறேன். ஆனாலும் ஸ்தோத்திரம். ஊரே ஒன்று கேட்டபோது, போர்வைக்குள் முனகிய ஒரு பெண்ணைக் கேட்டவர் அவர். நீங்களும் பயப்படாமல் அவரிடம் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைக்காக ஜெபிக்கப் போகிறீர்களா? நீ என்னம்மா கேட்கிறாய் என்று அதனிடம் கேட்டுவிட்டு முழங்கால் போடுங்கள்.