கூவத்தில் போடாத வளையல்

தேவானைக்கு வாய் நீளம் என்று சிந்தாதிரிப்பேட்டையில் அந்தச் சந்தே சொல்லும். கையும் நீளம் என்று எவரும் சொன்னதில்லை. ஐம்பத்திரண்டு வயதில் அந்தப் பெயரையும் தானே தேடிக்கொண்டாள், பாவி.

வீட்டில் உட்கார்ந்து காற்றுமணி செய்து விற்பதுதான் அவள் பிழைப்பு. மரவளையம் ஒன்றில் தூண்டில் நரம்புகளைக் கட்டி, கண்ணாடி வளையல்களைத் தொங்கவிடுவாள். ஜோடி உடைந்த ஒற்றை வளையலை எவள் வாங்குவாள்? ரங்கநாதன் தெருக் கடைகளில் அப்படி ஒதுக்கியதெல்லாம் தேவானையின் பைக்கு வந்துவிடும். செய்த மணியை ஒரு நாள் முழுக்கத் தன் வாசலில் மாட்டிப் பார்ப்பாள். நரம்பு சிக்காவிட்டால்தான் மறுநாள் பாண்டி பஜார் நடைபாதைக்கு எடுத்துப்போவாள். தொழிலில் அவ்வளவு சுத்தம்!

பக்கத்து வீட்டு ஷீலாவின் புருஷன் பாலு மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். முப்பத்து நாலு வயது, சாகிற வயதா அது? பதினாறாம் நாள் காரியத்தில் ஷீலாவின் கைவளையல்களை உடைத்தார்கள். டப்பாவில் மிச்சமிருந்த வளையல், பொட்டு, மஞ்சள் எல்லாவற்றையும் மாமியார் துணியில் மூட்டையாகக் கட்டினாள். அதை வீட்டில் வைக்கக் கூடாது. தாலியோடு இருப்பவள் எவளும் அதைத் தொடவும் மாட்டாள்.

"தேவானை, நீதான் அறுத்தவ. கூவத்துல போட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துடு" என்றாள் மாமியார்.

இருபது வருஷத்துக்கு முன்னால் தேவானையின் மூட்டையும் இப்படித்தான் போனது. அப்படிப்பட்டவள் பாலத்தின் மேல் நின்று முடிச்சை அவிழ்க்கலாமா? அவிழ்த்தாள். பொன் கோடு போட்ட சிவப்பு வளையல்கள், ஒரு டஜன். ஒன்றைச் சுண்டிப் பார்த்தாள். கணீர் என்றது. யார் செத்தார் என்று கண்ணாடிக்கு என்ன தெரியும் என்று சொல்லிக்கொண்டு, வளையல்களை முந்தானையில் முடிந்தாள். மீதியைக் கூவத்தில் போட்டாள்.

இரண்டு வாரம் பொறுத்து அந்த வளையல்களை மணியாகக் கட்டி வாசலில் மாட்டினாள். அவள் செய்ததிலேயே அதற்குத்தான் அப்படி ஒரு சத்தம். காரியம் முடிந்ததிலிருந்து குழாயடிக்குக்கூட வராத ஷீலா எழுந்து வெளியே வந்தாள். அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இன்னாக்கா, இது என்னுது மாதிரி கீது?"

"சீச்சீ! ரங்கநாதன் தெருவுல வாங்கியாந்ததுடி" என்றாள் தேவானை. பொய் எவ்வளவு சுளுவாக வருகிறது பாருங்கள்.

"அப்டியா. என்னுதெல்லாம் போட்டுட்டியாக்கா?"

"அன்னிக்கே போட்டுட்டேனே."

"செவப்புல ஒரு டஜன் இருந்திச்சி. அளவு தெரியாம பெருசா வாங்கிக்கினு வந்தாரு. ஒரு நாள்கூட போடல. ஒண்ணாச்சும் எடுத்து வச்சிக்கலாம்னு பாத்தேன், கேக்க வாய் வரல" என்று சொல்லிவிட்டு ஷீலா உள்ளே போனாள்.

தேவானைக்கு உடம்பெல்லாம் கூசியது. சோற்றைப் பிசைந்து ஒரு வாய் போட்டாள், தட்டைத் தள்ளி வைத்தாள். அறுத்த வலி தெரியாதவள் செய்திருந்தால் போகட்டும் என்று விடலாம். உனக்குமா தெரியாது, தேவானை? நாளைக்கு எவள் வீட்டுப் பால்கனியிலாவது அது ஆடும். ஷீலா இங்கே வெறுங்கையோடு கிடப்பாள். தூ, நீயும் ஒரு பொம்பளையா!

எச்சில் கையைக் கழுவிவிட்டு மணியைக் கழற்றினாள். ஷீலாவின் முன்னால் போய் வைத்தாள்.

"பொய் சொல்லிட்டேன்டி. உன்னுதுதான். விக்கிறதுக்கு எடுத்துக்கினேன்."

திட்டுவாள் என்று நின்றாள். ஓங்கி ஓர் அறை விட்டால்கூடத் தேவலை என்றிருந்தது. ஷீலா ஒவ்வொரு வளையலாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு தேவானையின் கையை இழுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீயாச்சும் எடுத்து வச்சியேக்கா. அவங்க பேச்சக் கேட்டு நீயும் போட்டிருந்தா எனக்கு இன்னா மிஞ்சியிருக்கும்? நீ நல்லா இருக்கணும்."

"விக்கத்தான்டி எடுத்தேன்" என்றாள் தேவானை மறுபடியும்.

ஷீலா காதில் அது ஏறவே இல்லை. பிடித்த கையை விடவும் இல்லை. அந்தக் கையை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது என்று தெரியாமல் தேவானை தலையைக் குனிந்துகொண்டாள்.