மூக்கு அண்ணனின் கல்லீரல்

எங்கள் டிரை கிளீனிங் கடையில் அவரை மூக்கு அண்ணன் என்போம். மூக்கு ஒன்றும் பெரிதில்லை. மெஷினிலிருந்து வரும் ஒவ்வொரு துணியையும் முகத்தில் வைத்து ஆழமாக மோந்து பார்ப்பார். சலவை மருந்தின் வாடை போயிருந்தால்தான் அது என் இஸ்திரி மேஜைக்கு வரும். வாடை இருந்தால் வாடிக்கையாளர் திரும்ப வரமாட்டார் என்பது முதலாளியின் வேதம். புகையை வெளியே தள்ள ஒரு ஃபேன் மாட்டச் சொன்னால் மட்டும் அந்த மகராசனுக்குக் காது கேட்காது.

வருஷக்கணக்காக மோந்தது கல்லீரலில் போய்க் குடியேறியது. அண்ணனுக்குக் கண் மஞ்சளாகி, வயிறு பானையாக வீங்கியது. "குடிச்சே கெட்டான்" என்றது தெரு. ஒரு சொட்டுத் தொடாத மனுஷனை! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாற்றுக் கல்லீரல் கிடைக்க வழியில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, பரீட்சார்த்தமாக ஒரு சிகிச்சை செய்கிறோம் என்றார். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை உறிஞ்சி, அதிலுள்ள செல்களைப் பிரித்து, கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் செலுத்துவார்களாம்.

"உறுதியா சொல்ல முடியாதுங்க. கல்லீரல் தேற அது கைகொடுக்கலாம், கொடுக்காமலும் போகலாம். ஆனா அந்தச் சலவை மருந்துப் பக்கமே இனி நீங்க போகக் கூடாது."

"சொந்த எலும்பே கைவிட்டா வேற யாரு இருக்கா டாக்டர்?" என்று அண்ணன் சிரித்தார். எலும்பில் ஊசி இறங்கியபோது அவர் போட்ட சத்தம் வெளியே பெஞ்சு வரைக்கும் கேட்டது. அண்ணி என் கையை நசுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அவர் இடத்துக்கு வேறு ஆள் பார்ப்பதாக முதலாளி சொன்னதும், சம்பளம் நின்றுபோகுமே என்று மறுநாளே அண்ணி வந்து மெஷின் முன்னால் நின்றாள். அவரைப் போலவே மோந்தாள்.

"அவர்கிட்ட மூச்சு விட்றாதடி. ஆபீஸ்ல பெருக்குற வேலைன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

தினமும் வேலை முடிந்ததும் என் வீட்டில் குளித்து, சேலை மாற்றிக்கொண்டுதான் போவாள். வாடை அவர்மேல் பட்டுவிடக் கூடாதே என்ற பயம்.

மாதங்கள் போயின. அண்ணனின் வயிறு வற்றியது, கண்ணில் மஞ்சள் வெளுத்தது. மஜ்ஜைச் செல்தான் காரணமா, சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. காரணம் யாருக்கு வேண்டும்? பழம் வாங்கிக்கொண்டு அண்ணியோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

உள்ளே நுழைந்ததும் அண்ணன் எழுந்து வந்தார். அண்ணியின் கூந்தலருகே குனிந்து, கடையில் துணியை மோந்து பார்ப்பதுபோல் மூச்சை இழுத்தார்.

"இன்னும் வாடை போகலையே" என்றார்.

அவர் அவளை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கூட்டிப்போய், டாக்டரம்மா செய்வதைப் போலவே கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். மஞ்சள்.

இமையை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, டாக்டரம்மாகிட்ட கேளு. என் எலும்புல இன்னும் மிச்சம் இருக்கும். இவளுக்கு எடுத்துக்கட்டும்."