முதலில் தெரிந்தது முடி

தொண்ணூறுகளின் கடைசியில் கொழும்பில் நான் வேலை பார்த்த பத்திரிகை அலுவலகத்தில் ஒரு டிஜிட்டல் கமரா இருந்தது. படங்கள் பிளொப்பி டிஸ்க்கில் பதியும். எடுத்த உடனே பின்பக்கத்துச் சின்னத் திரையில் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் அழிக்கலாம். நான் படம் எடுக்கப் பழகியதே அதில்தான். என் ஊர் கல்முனைக்கு லீவில் வரும்போது அதையும் கேட்டு வாங்கிக்கொண்டு வருவேன்.

தம்பி கலியாணம் முடித்து, எங்கள் ஊர் வழக்கப்படி பெண் வீட்டோடு போயிருந்தான். அங்கே அவன் மனைவி, என்னை மதினி என்கிறவள், பெண்களுக்கு மட்டும் படம் எடுத்துக் கொடுத்தாள். ஆம்பிளை முன்னால் முகம் காட்டி உட்காரக் கூச்சப்பட்டவர்கள் அடையாள அட்டைக்கும் பாஸ்போட்டுக்கும் அவளிடம் வந்தார்கள். கறுப்பு வெள்ளைப் பிலிம்தான். கழுவுவதும் அச்சடிப்பதும் வீட்டின் பின்னறையில். அந்த லீவில் அவள் புதிதாகப் பிள்ளை உண்டாகியிருந்தாள். அறைக் கதவைத் திறந்தாலே படம் கழுவும் மருந்து மணத்துக்குக் குமட்டிச் சத்தி வந்தது; கமராவுக்குள் குனிந்து பார்த்தால் தலை சுற்றியது.

அந்த நேரத்தில்தான் பக்கத்துத் தெருவிலிருந்து ஒருத்தி வந்தாள். புருஷன் ரியாத்தில். அவள் முடியை விரித்துவிட்டு ஒரு படம் அனுப்பும்படி கேட்டிருந்தான். அவளுக்கும் ஆசை. ஆனால் ஊரில் ஒரு ஸ்டூடியோக்காரர் யாரோ மணப்பெண்ணின் படத்தைக் கடைக் கண்ணாடிக்குள் தொங்கவிட்டு, அது பெரிய கதையாகியிருந்தது.

"வேற ஆம்புளட கண்ணுல பட்டா, நான் எப்பிடி ரோட்டுல நடக்கிற?"

நான் என் கமராவைக் காட்டினேன். பார்த்துவிட்டு அழித்துவிடலாம் என்றேன். அவள் அதைத் தொடாமல் பார்த்தாள்.

"அழிச்சா அந்தப் படம் எங்க போய்ச் சேரும்?"

கமராவும் பிளொப்பியும் அலுவலகத்துக்குத் திரும்பிப் போகிறவை. அங்கே வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள்.

"பிலிமெண்டா நெகட்டிவ் ஒண்டுதான். அத ஒங்கட கையிலயே தந்திருவம்" என்றாள் தம்பி மனைவி. பிறகு என் பக்கம் திரும்பினாள். "மதினி, நீங்கதான் எடுக்கோணும்."

பழகுவதற்கு ஒரு ரோல் தந்து, தானே முன்னால் உட்கார்ந்தாள். ஒவ்வொரு தரம் அமுக்கியதும் நான் கமராவைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தேன்.

"என்ன தேடுறீங்க? அங்க ஒண்டும் இல்ல. என்னப் பாருங்க."

அவள் சொல்லச் சொல்ல நானே கழுவி நெகட்டிவைப் பார்த்தபோது எல்லாப் படத்திலும் அவள் வாய் பாதி திறந்திருந்தது. காரணம் பிறகு புரிந்தது. என் டிஜிட்டல் கமரா அமுக்கிக் கொஞ்சம் தாமதித்தே படம் எடுக்கும். அதனால் முகம் சரியாவதற்கு முன்பே அமுக்கிவிடும் பழக்கம் எனக்கு. பிலிம் கமரா காத்திருப்பதில்லை. சத்தம் கேட்கும் நேரமே படம்.

"பேய்க்கு அடையாள அட்டை எடுத்த மாதிரி இரிக்கி. இத ஒங்கட தம்பிக்கிட்ட காட்டிராதீங்க."

அடுத்த நாள் அந்தப் பெண் வந்தாள். கதவைப் பூட்டி, ஜன்னலுக்குச் சீலை போட்டோம். அவள் தலையை மூடியிருந்த முந்தானையை இறக்கி, கொண்டையை அவிழ்த்தாள். நான் அவசரப்படவில்லை. திரும்பிப் பார்க்கத் திரை இல்லாததால் கண் அவளிலேயே நின்றது. முதலில் விறைப்பாக இருந்தாள். பிறகு தோள் தளர்ந்தது. வாய் ஓரம் அசைந்தது. அப்போது அமுக்கினேன். அதற்குப் பிறகும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்திரிகையில் இருந்த காலத்தில் ஒரு முகத்தை நான் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

கழுவும்போது தானும் கூடவே நிற்க வேண்டும் என்றாள். கும்மிருட்டில் பிலிமைக் கழுவும் டப்பாவின் சுருளில் ஏற்றினேன். விரல்நுனிதான் கண். வெளியிலிருந்து தம்பி மனைவி, மூக்கைப் பொத்திக்கொண்ட குரலில், "விளிம்பத் தடவுங்க, நடுவுல தொடாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிலிம் காய்ந்த பிறகு, சிவப்பு பல்ப் வெளிச்சத்தில், நெகட்டிவுக்கூடாக ஒளி காட்டிய வெள்ளைத் தாளை மருந்துத் தட்டில் விட்டு மெல்ல ஆட்டினேன்.

கறுப்பானதே முதலில் வரும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. வெறும் தாளில் அவளுடைய முடி வந்தது. அதற்குப் பிறகு புருவம், கண். முகம் கடைசியில் வந்தது.

"முடிதான் முதல்ல வருது" என்றாள் மெதுவாக.

நெகட்டிவை வெட்டிக் கொடுத்தேன். பல்புக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். அதில் அவள் முடி வெள்ளையாக இருந்தது.

"இதுல இரிந்து இன்னும் அடிக்கலாமா?"

"எத்தனை வேணுமெண்டாலும். ஆனா இது இல்லாம ஒண்டும் அடிக்க ஏலாது."

நெகட்டிவை இறக்கி, தட்டில் கிடந்த படத்தைப் பார்த்தாள்.

"அப்ப இன்னொண்டு அடிங்க. அது எனக்கு."

கதவுக்கு வெளியே, "உள்ளுக்கே குடியிருக்கப் போறீங்களா ரெண்டு பேரும்?" என்று தம்பி மனைவியின் குரல் வந்தது. அவள் சிரித்துக்கொண்டே நெகட்டிவை என்னிடம் திரும்ப நீட்டினாள். நான் அதை விளிம்பில் பிடித்து வாங்கினேன். அந்த இரண்டாவது தாளை மருந்துக்குள் விட்டது அவள்தான்.